யானைமலைக்கு எந்த லென்ஸ்

“இந்த மூணுல எது ஒசத்தி டீச்சர்?”

கேட்டவர் திருமேனிநாதன். அறுபதைத் தாண்டியவர். டீச்சர் என்று கூப்பிடப்பட்ட சகாயராணிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு சந்துக்குள், மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாண வீட்டுப் பக்கம் போகிறவர் இல்லை. சிற்பம், கல்வெட்டு, பழைய சுவர் ஓவியம், இதையெல்லாம் புத்தகம் போடுகிறவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பார்.

“மக வயசுப் பொண்ணைப் போயி டீச்சர்ங்கிறீங்களே” என்று யாராவது கேட்டால், “தெரிஞ்சவங்க டீச்சர், தெரியாதவன் மாணவன், இதுல வயசு எங்கய்யா வந்துச்சு” என்பார் திருமேனி. அந்த விஷயத்தில் ஆள் தங்கம். மற்ற விஷயத்தில்தான் கொஞ்சம் படுத்துவார்.

மேசைமேல் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் மூன்று லென்ஸையும் வரிசையாக வைத்திருந்தார்.

சகாயராணி குனிந்து பார்த்தார். தொடவில்லை.

“எதைப் படம் எடுக்கப் போறீங்க ஐயா?”

“யானைமலையை.”

“எடுத்தீங்களா?”

“இன்னும் இல்லை. எது நல்லதுன்னு தெரியாம எப்படி எடுக்கிறது?”

“டீ குடிக்கிறீங்களா?”

“குடிச்சிட்டேன் டீச்சர். இந்த லென்ஸ்…”

“நான் குடிக்கலை,” என்று சொல்லிவிட்டு அவர் அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

திருமேனியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மனுஷனைக் கிறுக்கு என்று நினைத்துவிடுவீர்கள்.

அவர் நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். வேலை என்ன? நூலை வெளிச்சத்தில் பிடித்து, முடிச்சு எங்கே, மெலிசு எங்கே என்று தேடுவது. தேடினால் கிடைக்கும். கிடைத்தால் தள்ளிவிடுவது. அவர் தள்ளிவிட்ட நூலையெல்லாம் நீட்டினால் ராமேஸ்வரம் போய்த் திரும்பலாம் என்று மில்லில் கேலி பேசுவார்கள். ஓய்வு பெற்று வந்தபோது பாராட்டுக் கூட்டத்தில் போட்ட மாலையைக்கூடப் புரட்டிப் பார்த்து, “நாரு சரியில்லை” என்றவர்.

வீடு ஒத்தக்கடைக்கு இந்தப் பக்கம். மொட்டை மாடியில் ஏறினால் எதிரே யானைமலை. ஊருக்கே தெரிந்த மலைதான். யானை ஒன்று துதிக்கையை நீட்டிப் படுத்த மாதிரி ஒரே பாறை. அவர் மனைவி வள்ளிமயில் தினம் சாயங்காலம் காபி டம்ளரோடு மாடிக்குப் போய், அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். முழங்கால் வலி அவளுக்கு. படி ஏறுவது சிரமம். ஆனாலும் ஏறுவாள்.

இப்போது பக்கத்து மனையில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. முதல் மாடி முடிந்து இரண்டாவதும் முடியப் போகிறது. அதற்குமேல் இன்னொன்று வந்தால் யானை போச்சு.

“அவங்களும் வீடு கட்ட வேணாமா,” என்றாள் வள்ளிமயில். “மலையை நாமளா வாங்கி வச்சிருக்கோம். நீங்க ஒண்ணு செய்ங்க. மறையறதுக்குள்ள ஒரு படம் எடுத்துக் குடுங்க. கூடத்துச் சுவர்ல மாட்டிக்கிறேன். அம்புட்டுத்தான்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் வாய் திறந்து கேட்டது குறைவு. கேட்டது செல்போனில் எடுத்திருந்தாலும் தீர்ந்திருக்கும். அவர் விடுவாரா? எடுத்தால் தரமாக எடுக்க வேண்டும் என்று உட்கார்ந்தார். விசாரித்தார். படித்தார். கடைசியில் டெக்னிக்கல் கேமரா என்கிற சாமானில் வந்து நின்றார், அதையே வாங்கினார்.

அது நம் வீட்டுக் கேமரா மாதிரி இல்லை. முன்னால் லென்ஸ் தனி. நடுவில் சட்டம் தனி. பின்னால் படம் பதிகிற டிஜிட்டல் பெட்டி தனி. மூன்றையும் சேர்த்து ட்ரைபாடில் பூட்ட வேண்டும். கேமராவைச் சாய்க்காமல், லென்ஸை மட்டும் மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோ நகர்த்தலாம். அதனால் கோபுரத்தை எடுத்தால் கோபுரம் பின்னால் சாயாது, நேராக நிற்கும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுச் சொரசொரப்பான கண்ணாடியில் பார்த்தால் உலகமே தலைகீழாகத் தெரியும்.

மலைக்கு, தூரத்தைக் கிட்டே இழுக்கிற நடுத்தர டெலி லென்ஸ் வேண்டும் என்று முடிவாயிற்று. ரொம்ப இழுக்கவும் கூடாது, அப்படியே விடவும் கூடாது. எதிர்த்த தெருவை எதிர்வாசலுக்குக் கொண்டுவருகிற அளவுக்கு இழுத்தால் போதும். சென்னையில் பழைய லென்ஸ் விற்கிற ஒருவர், “மூணு அனுப்புறேன் சார், பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் திருப்பி அனுப்பிடுங்க” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் வினை.

மூன்றுக்கும் திருமேனி பேர் வைத்தார். ஒன்று கருப்பன். ஒன்று முகத்தில் வெள்ளி வளையம் போட்டது, வளையல்காரி. மூன்றாவது கனமானது, குண்டன்.

மூன்றையும் ஒப்பிட ஆரம்பித்தார். அன்றைக்கு ஆரம்பித்தது, முடியவே இல்லை.

முதலில் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்தார். பிறகு எதிர்வீட்டுத் தண்ணித்தொட்டி. பிறகு வள்ளிமயிலின் சுங்குடிச் சேலையைக் கொடியில் விரித்துக் கட்டி, முந்தானைப் புள்ளி ஒவ்வொன்றும் பிரிந்து தெரிகிறதா என்று பார்த்தார்.

“சேலையைக் குடுங்க, கோயிலுக்குப் போகணும்,” என்றாள் அவள்.

“இரு மயிலு. கீழ் மூலைப் புள்ளி இன்னும் பார்க்கலை.”

அவள் வேறு சேலை கட்டிக்கொண்டு போய்விட்டு வந்தாள்.

பக்கத்தில் இரண்டாவது மாடிக்குத் தளம் போட்டார்கள். அப்போதுதான் திருமேனி பதறிப்போய் சகாயராணியைத் தேடி வந்தது.

டீ குடித்து முடித்து சகாயராணி வந்தார்.

“மூணையும் இங்க விட்டுட்டுப் போங்க ஐயா. வெள்ளிக்கிழமை வாங்க.”

திருமேனிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டீச்சரே சோதித்துச் சொல்லப் போகிறார் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். அன்று வள்ளிமயிலிடம், “இன்னும் நாலு நாள்ல படம் சுவர்ல இருக்கும்” என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மேசைமேல் மூன்று படங்கள் இருந்தன. மூன்றிலும் ஒரே கல் யாளி.

“எது ஒசத்தி, நீங்க சொல்லுங்க,” என்றார் சகாயராணி.

திருமேனி மில்லில் நூல் இழை எண்ணுகிற சின்னக் கண்ணாடியை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். அதை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. சகாயராணி அதற்குள் ஒரு விளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டார்.

“முதல் படம் கருப்பன்,” என்றார் திருமேனி. “பல்லு வரிசை கூரா இருக்கு, ஆனா முரட்டுத்தனம். ரெண்டாவது வளையல்காரி. பரவாயில்லை, மூலைக்குப் போனா சோம்பேறி. மூணாவது குண்டன். நிழலுக்குள்ள பாருங்க டீச்சர், கல்லோட சொரசொரப்பு தெரியுது. சந்தேகமே இல்லை. குண்டன்தான்.”

“நல்லாப் பார்த்துட்டீங்களா?”

“முப்பது வருஷம் இதே வேலைதான் டீச்சர்.”

“மூணும் ஒரே படம் ஐயா. என்னோட லென்ஸ்ல எடுத்தது. மூணு தடவை பிரிண்ட் போட்டேன்.”

திருமேனி முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து மறுபடி பார்த்தார். யாளி சிரித்த மாதிரி இருந்தது.

“அப்ப இந்த மூணு லென்ஸும் ஒண்ணுதாங்கிறீங்களா?”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“அப்ப வேற வேறயா?”

“அதையும் சொல்லலை. எடுத்துட்டுப் போங்க. மலை அங்க இருக்கு.”

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் லென்ஸ் பக்கமே போகவில்லை.  மூன்றாம் நாள் அவரே வள்ளிமயிலிடம் நடந்ததைச் சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அந்தப் பொண்ணு கெட்டிக்காரி,” என்றாள்.

“சிரிக்காத. மூக்கு உடைஞ்சு வந்து நிக்கிறேன்.”

“மூக்கு இருக்கிற இடத்துலதாங்க இருக்கு. நீங்க போயி எடுங்க, போதும்.”

எடுத்தாரா? சேலையை விட்டுவிட்டு, இந்தத் தடவை நேராக மலையையே வைத்துச் சோதனை ஆரம்பித்தார். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு மாடிக்குப் போவார். முதலில் கருப்பனைப் பூட்டுவார். அப்புறம் சாப்பாடு, பேப்பர். பிறகு வளையல்காரி. உச்சிவெயிலில் குண்டன். பெரிய திரையில் பாறையின் வெடிப்பு, வேர், பறவை எச்சம் வரைக்கும் பெரிதாக்கிப் பார்ப்பார். கருப்பன் ஜெயித்தான். மறுநாளும் கருப்பனே.

சந்தேகத்துக்கு ஒரு நாள் வரிசையை மாற்றினார். முதலில் குண்டன், கடைசியில் கருப்பன். குண்டன் ஜெயித்தான். கருப்பன் மண்ணைக் கவ்வினான்.

திருமேனிக்குத் தலை சுற்றியது. மறுபடி பஸ் ஏறினார்.

“நேத்து ஜெயிச்சது இன்னிக்குத் தோக்குது டீச்சர். இது என்ன நியாயம்?”

“எத்தனை மணிக்கு எடுத்தீங்க?”

“முதல்ல ஏழு மணிக்கு. கடைசி ஒண்ணு மதியம்.”

சகாயராணி எழுந்து ஜன்னலைத் திறந்தார். கீழே சந்தைத் தாண்டி மெயின் ரோடு தெரிந்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தார் ரோட்டுக்கு மேலே காற்று நெளிந்தது. அதற்குப் பின்னால் நின்ற ஆட்டோவும் சேர்ந்து நெளிந்தது.

அவர் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

திருமேனி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அடடா,” என்றார். “கானலு. நான் லென்ஸைச் சோதிக்கலை. வெயிலைச் சோதிச்சிருக்கேன். எது முதல்ல போனாலும் அதுதான் ஜெயிக்கும்.”

“சரி ஐயா.”

“அப்ப மூணையும் விடியக்காலையில, வெயில் ஏறறதுக்கு முன்னாடியே எடுத்தா உண்மை தெரிஞ்சிடும்.”

“தெரியும்.”

“கோடி நன்றி டீச்சர்.” துண்டைச் சுருட்டினார்.

“ஐயா, ஒரு நிமிஷம். அம்மா மலையை எப்பப் பார்ப்பாங்க?”

“யாரு, மயிலா? சாயங்காலம் பார்ப்பா. காபியும் கையுமா,” என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கிவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு.

அடுத்து வந்த காலைகளெல்லாம் விடியலிலேயே மாடியில்தான் கழிந்தன. சூரியன் மலைக்குப் பின்னால் வரும். மலை கறுப்பாக நிற்கும். ஓரக்கோடு மட்டும் பளிச்சென்று தெரியும். சோதனைக்கு அதைவிடத் தோதான கோடு கிடையாது. மனுஷன் மெய்மறந்து வேலை பார்த்தார்.

இந்தத் தடவை பதில் நிலையாக வந்தது. ஒரு நாள் மாதிரியே மறுநாளும் வந்தது.

வளையல்காரிக்கு ஒரு குறை இருந்தது. மெய்யான குறை. படத்தின் வலது கீழ் மூலை அவளுக்கு மங்கும். எப்போது எடுத்தாலும் அதே மூலை, அதே மங்கல். உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி ஒரு மயிரிழை சாய்ந்திருக்க வேண்டும். தள்ளு அதை.

கருப்பனும் குண்டனும் மிஞ்சினார்கள். அந்த இரண்டுக்குள்தான் தகராறு. ஓரக்கோட்டில் கருப்பன் ஒரு இம்மி மேல். பாறை நிழலில் குண்டன் ஒரு இம்மி மேல். கருப்பன், குண்டன், கருப்பன், குண்டன் என்று சாப்பிடும்போதுகூட வாய் முணுமுணுத்தது.

“உங்க ரெண்டாவது பொண்டாட்டி யாரு, கருப்பனா குண்டனா?” என்றாள் வள்ளிமயில், சோற்றைப் பிசைந்துகொண்டே.

“விளையாடாத மயிலு. முடிவு நெருங்கிருச்சு.”

“எனக்கும் அப்படித்தான் தெரியுது. மேல கம்பி கட்ட வந்துட்டாங்க.”

திருமேனி கையை உதறிவிட்டு மாடிக்கு ஓடினார். பக்கத்து மாடியில் மூன்றாவது தளத்துத் தூண்களுக்குக் கம்பி நிறுத்தியிருந்தார்கள். அடிவாரத்தில் ஒரு அரசமரம் தெரிகிற பக்கம், மலையின் வலது ஓரத்தை அந்தக் கம்பிகள் ஏற்கனவே கோடு போட்டுவிட்டிருந்தன. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“நாளைக்குக் காலையில முழுக்கச் சாரம் கட்டித் தார்ப்பாய் இழுத்துருவோம் சார்,” என்றார் மேஸ்திரி. “தூசி உங்க வீட்டுக்கு வரக்கூடாதுன்னு ஓனர் சொல்லியிருக்காரு. நல்ல மனுஷன்.”

ஆக, இன்றைக்குச் சாயங்காலம்தான் கடைசி.

 இத்தனை நாள் என்ன செய்தோம் என்று திருமேனி தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்டவள் ஒரே ஒரு படம் கேட்டாள். அதுகூட எடுக்கவில்லை. லென்ஸ் மூன்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கோரிப்பாளையம் போனார்.

“டீச்சர், நேரமில்லை. இன்னிக்குத்தான் கடைசி. சொல்லிருங்க. நீங்க சொன்னா நான் மறுபேச்சுப் பேசலை.”

“எதுக்கும் எதுக்கும் தகராறு?”

“கருப்பனுக்கும் குண்டனுக்கும்.”

“வேற எதுக்கும் இல்லையே?”

“இல்லை. இது ரெண்டும்தான்.”

சகாயராணி இரண்டையும் எடுத்தார். ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். அடியில் பஞ்சு போட்டார். கருப்பனை வைத்தார். குண்டனை வைத்தார். மேலே பஞ்சு போட்டு மூடினார். டேப்பைச் சர்ரென்று இழுத்து நாலு பக்கமும் ஒட்டினார்.

“சென்னை அட்ரஸ் சொல்லுங்க ஐயா.”

“டீச்சர், என்ன செய்றீங்க?”

“தகராறு ரெண்டும் ஊருக்குப் போகுது. அட்ரஸ்?”

“அப்ப எனக்கு?”

மேசைமேல் வளையல்காரி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

“அதுவா? அதுல மூலை மங்கும் டீச்சர். நான் தள்ளுனது அது.”

“எந்த மூலை?”

“வலது கீழ் மூலை.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“சத்தியமாத் தெரியும். எப்ப எடுத்தாலும் அங்கதான்.”

“இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற ரெண்டையும் பத்தி இவ்வளவு நிச்சயமா ஏதாவது தெரியுமா உங்களுக்கு?”

திருமேனி சென்னை அட்ரஸைச் சொன்னார்.

சகாயராணி எழுதிக்கொண்டே, “மணி நாலாச்சு ஐயா,” என்றார்.

அவர் வீட்டுக்கு வந்து மாடியேறும்போது வள்ளிமயில் ஏற்கனவே நாற்காலியில் இருந்தாள். காபி ஆவி பறந்தது.  

ட்ரைபாடை விரித்தார். சட்டத்தைப் பூட்டினார். வளையல்காரியை மாட்டினார். நிமிர்ந்து மலையைப் பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

காலையில் கறுப்பாக நிற்கிற மலை இல்லை அது. மேற்கு வெயில் நேரே அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. பாறை முழுக்க வறுத்த கடலைத் தோல் நிறம். நெற்றியில் ஒரு நிறம், காதுக்குப் பின்னால் ஒரு நிறம், துதிக்கை இறங்குகிற சரிவில் வேறொரு நிறம். இத்தனை மாதமாக மூன்று லென்ஸ் வைத்து மலையை அளந்தவர், சாயங்கால மலையை ஒரு நாளும் பார்த்ததில்லை. சாயங்காலம் வெளிச்சம் குறைவு, சோதனைக்கு ஆகாது என்று கீழேயே உட்கார்ந்திருந்தார். அவள் தனியாக இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“இதையா தினம் பார்க்குற?” என்றார்.

“வேற எதை?”

அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அது அழுகைக்கும் வசதியான இடம்.

கண்ணாடியில் யானை தலைகீழாகத் தொங்கியது. ஃபோகஸ் வைத்தார். வலது ஓரத்தில் கம்பிகள் துருத்தின. கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிக் கம்பியை வெளியே தள்ளினார். இப்போது மலை சுத்தமாக இருந்தது.

“மயிலு, வா. வந்து பாரு. சரியா இருக்கான்னு சொல்லு.”

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். துணிக்குள் தலையை விட்டாள். 

“ஏங்க, எல்லாம் குப்புறக் கிடக்கு.”

“படத்துல நேராயிடும்.”

“அது சரி. கீழ்ச் சரிவு எங்க? காணோமே.”

“எந்தச் சரிவு?”

அவள் வெளியே வந்து கையை நீட்டினாள். துதிக்கைக்கு வலது பக்கம், பாறை முடிந்து செடி ஆரம்பிக்கிற இடம். கம்பிகளுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்.

“அந்த வழியாத்தான் ஆட்டுக்காரரு இறங்குவாரு. இந்நேரம் வரணும். முன்னால வெள்ளை வெள்ளையா ஆடுங்க, கடைசியில அவரு. இறங்கி அரசமரத்துக்கிட்ட வந்ததும் நான் எந்திரிச்சுக் கீழ போவேன். போயி விளக்கேத்துவேன்.”

“யாரு அவரு?”

“எனக்கென்ன தெரியும். முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. மழை நாள்ல மட்டும் வரமாட்டாரு. வரலைன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.”

திருமேனி மறுபடி துணிக்குள் போனார். சரிவு வேண்டுமானால் கேமராவை வலது பக்கம் திருப்ப வேண்டும். ரொம்பத் திருப்பினால் கம்பி வந்துவிடும். கம்பி வராத எல்லைவரை திருப்பினார். சாய்க்காமல், லென்ஸை மட்டும் திருகித் திருகிக் கீழே இறக்கினார். சரிவு மெல்ல உள்ளே வந்தது. வந்து எங்கே நின்றது தெரியுமா? கண்ணாடியில் இடது மேல் மூலையில். படத்தில் பார்த்தால் அது வலது கீழ் மூலை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. மனசில் தரம் பார்க்கிறவன் எழுந்து நின்றான். அந்த மூலையா? உலகத்தில் வேறு மூலையே இல்லையா? மங்கும் என்று தெரிந்தே வைக்கிறதா? இடது பக்கம் திருப்பு. மலையைச் சுத்தமாக எடு. ஆட்டுக்காரரை யார் கேட்டார்கள்?

வெயில் துதிக்கையை விட்டு மேலே ஏற ஆரம்பித்தது.

“வந்துட்டாரு,” என்றாள் வள்ளிமயில்.

செடிக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகள் அசைந்தன. பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி.

கண்ணாடியைக் கழற்றி, அந்த இடத்தில் டிஜிட்டல் பெட்டியைப் பூட்டினார்.  ஷட்டரைத் திறக்கிற வயர் பொத்தானை அழுத்தினார். ஷட்டர் க்ளக் என்றது. அவ்வளவுதான் சத்தம்.

“இன்னொண்ணு எடுக்கலையா?” என்றாள்.

“எடுத்தாச்சு.”

“நல்லா வந்திருக்கான்னு பாருங்களேன். பெருசாக்கிப் பார்ப்பீங்களே.”

“அப்புறம் பார்த்துக்கலாம். உன் காபியில மிச்சம் இருக்கா?”

அவள் டம்ளரை நீட்டினாள். ஆறிப்போன காபி. தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். ஆட்டுக்காரர் அரசமரத்துக்கு வந்து சேர்கிறவரைக்கும் இருவரும் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தார்ப்பாய் ஏறியது. நீலத் தார்ப்பாய். மலை இருந்த இடம் முழுக்க அதுதான் காற்றில் படபடத்தது.

படத்தை ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். சகாயராணியைச் சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வள்ளிமயில் வடையும் பாயசமும் வைத்திருந்தாள். டீச்சர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தின் முன்னால் நின்றார்.

வெகுநேரம் நின்றார். திருமேனி காத்திருந்தார். மில்லில் மேலதிகாரி முன்னால் நூல் உருளையோடு நின்றபோதுகூட அவர் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

டீச்சர் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவது மரியாதை என்று பட்டது.

“டீச்சர், மறைக்கக் கூடாது. எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. வலது கீழ் மூலை மட்டும் மங்கிருச்சு. அங்க தெளிவா ஒண்ணும் தெரியாது.”

சகாயராணி அந்த மூலையை நோக்கிக் குனிந்தார்.

அதற்குள் வள்ளிமயில் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். நேரே அந்த மூலையில் விரலை வைத்தாள்.

“இந்தா, இறங்கிட்டாருல்ல,” என்றாள். சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனாள்.